தோற்றவர் பெயர் பொறிப்பதில்லை

கோப்பையின் வரலாறு கேட்டார்கள்,
விழா மலருக்கு இரண்டு பக்கம்,
படத்துக்கு இடம் விட்டு.
என்னைக் கேட்கக் காரணம்
பீரோ சாவி என்னிடம் இருப்பதுதான்.

அடிப்பீடத்தைச் சுற்றி வெள்ளித் தகடுகள்,
கட்டைவிரல் நகமளவு.
முதலில் 1926. ஒரு தேயிலைக் கம்பெனி.
வால்பாறையிலிருந்து இறங்கி வந்த துரைமார் பதினைந்து பேர்
மெட்ராஸ் வெயிலில் சுருண்டும் ஜெயித்தார்கள் என்று
கரையான் விட்டுவைத்த நோட்டு சொல்கிறது.
அதற்குக் கீழே, வேறு மையில்:
தரை கல். காரை எலும்பு நான்கு.
டாக்டர் பில் டிக்கெட் வசூலைத் தாண்டியது.

எல்லாம் மாறியும் ஒரு விதி மாறவில்லை:
தோற்றால் அன்றைக்கே வெளியே.
ராத்திரி முழுக்க ரயிலில் வந்து
எண்பது நிமிஷத்தில் முடிந்துபோய்
சென்ட்ரலில் திரும்பும் வண்டிக்காகப்
புழுதி முழங்காலோடு காத்திருந்தவர்களுக்குத்
தகடு ஏது.

1938, பெரம்பூர் ஒர்க்‌ஷாப்.
டெரன்ஸ் ரொசாரியோ, பாய்லர் ஃபிட்டர், வெறுங்கால்.
பூட்ஸுகளுக்கு நடுவே புகுந்து
கோட்டுக்கு அப்பால் பந்தை அழுத்தினார்.
ரெஃப்ரி முதலில் பெவிலியனைப் பார்த்தார்,
பிறகுதான் விசில் ஊதினார்.
நடுவில் எவ்வளவு நேரம் என்று நோட்டில் இல்லை.
முழுசா ஒரு நிமிஷம் என்பார் ரொசாரியோ
பல்லாவரத்தில் சாகும்வரை.

நாற்பத்திரண்டில் ஆட்டமில்லை.
ஜப்பான்காரன் வருகிறானென்று ஊரே ஓடியது,
பந்து யாருடைய பெட்டியில் போனதோ.

ஐம்பத்துமூன்றுக்கு அடுத்த தகடு அறுபது.
இடைப்பட்ட ஆறு வருஷத்துக்கு ஆதாரம்
சவுகார்பேட்டை அடகுச் சீட்டு ஒன்று:
வெள்ளிச் சாமான், ஒரு காது ஒடுங்கியது,
ரூபாய் நூற்றி நாற்பது.
பொருளாளர் எதற்காக வைத்தாரென்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டியவர்களுக்கும் பங்கு போயிருக்கும்.
ஆக, தொடர்ந்து ஆறு வருஷம்
கோப்பையைக் கையைவிட்டு விடாத ஒரே அணி
மங்கிலால் சேட்டு கடை.
இதை மலரில் போட மாட்டார்கள்.

பொறிப்பவருக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
எழுபத்தேழில் கையில் காசில்லை,
அதனால் அந்த அணியின் பெயரில்
உயிரெழுத்தே இல்லை.

தொண்ணூற்றி நாலைப் பற்றி நானே சாட்சி.
துறைமுகத்துக்கு ஆடினேன்.
கடைசி உதை, இரண்டு புள்ளி பின்னால்.
உதைத்தேன்.
பந்து வலது கம்பத்தில் பட்டது,
காலி எண்ணெய் டின் படியில் உருண்ட மாதிரி சத்தம்.
மண்ணடியில் கொத்து பரோட்டா சாப்பிட்டோம்,
யாரும் பேசவில்லை.
கை கழுவும்போது கபாலீசன் மட்டும் சொன்னான்,
"காத்துடா. கடல் காத்து."
அன்றைக்குக் காற்றே இல்லை.
தகட்டில் ஜெயித்தவன் பெயர்,
சுத்தமாக, உயிரெழுத்தோடு.

2015 வெள்ளத்தில் பீரோ இடுப்பளவு முங்கியது.
கோப்பைக்குள் சேறு, ஒரு தவளைக் குஞ்சு.
இரண்டையும் வாசலில் கொட்டினேன்.

இப்போது பெண்களும் இதே கோப்பைக்குத்தான்,
தனியாக ஒன்று வாங்கப் பணமில்லை.
பீடத்தில் இடம் தீர்ந்து
தச்சரிடம் இன்னொரு அடுக்கு சொல்லியிருக்கிறது.
ஒரு வாரம் என்றார், மூன்று மாசம் ஆச்சு.

என் வேலை வேறு.
ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணிக்கு
பஸ் காசு கொடுத்துக் கையெழுத்து வாங்குவது.
அந்த ரெஜிஸ்டர் பதினொன்று சேர்ந்திருக்கிறது,
இரும்புப் பெட்டியில், கோப்பைக்குக் கீழ்த் தட்டில்.
அதை வரலாறு என்று யாரும் கேட்டதில்லை.

போன ஞாயிறு, நந்தனத்தில் மழை.
காசிமேட்டுப் பெண்கள் ஒரு புள்ளியில் போனார்கள்.
சகாய ரூபினி, கேப்டன், உதடு கிழிந்து
மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேனாவை வாங்கினாள்.
தாளில் சேறு சொட்டியது. துடைத்தாள். இன்னும் பரவியது.
"ஸ்டாம்பு மேலயே போடணுமா சார்,
பக்கத்துலயா?"